கோபிப் பக்கம் பூச் சொல்லிவைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிசெட்டிபாளையத்தில் நேரில் போய்ப் பூ வாங்குவதற்கு எந்த அறிவுரையும் தேவையில்லை. கூடையில் இருக்கும் பூ தன் தரத்தைத் தானே காட்டிவிடும். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ போனில் பூச் சொல்லிவைப்பவர்களுக்குத்தான் ஏமாற்றம் அடிக்கடி நேர்கிறது. அந்த ஏமாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடைக்காரர் காரணமில்லை என்பதே பல ஆண்டுகளாக இரு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவு. பூவுக்கு என்று ஒரு நேரம் உண்டு. அதைக் கேட்காமல் நம் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறோம்.

முதலில், பூ எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோபியைச் சுற்றியிருக்கும் பச்சை வயல்களைப் பார்த்துவிட்டு, பூவும் இங்கேயேதான் விளைகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலில் வரும் தண்ணீர் பாய்வது பெரும்பாலும் நெல்லுக்கு. கடைக்கு வரும் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் பெரும்பாலும் சத்தியமங்கலம், பவானிசாகர், சிக்கரசம்பாளையம் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்து, சத்திப் பூ மார்க்கெட்டில் ஏலம் போய், அதன் பிறகே இங்கு வந்து சேர்கின்றன. ரோஜாவுக்கு ஓசூரையும், அரளிக்குச் சேலத்துப் பக்கத்தையும், கார்னேஷன், ஜெர்பெரா போன்றவற்றுக்கு நீலகிரியின் பசுமைக்குடில்களையும் நம்பியிருக்க வேண்டும். ஆகவே இன்று காலை நினைத்து இன்று மதியத்துக்குள் ஐம்பது ஜெர்பெரா வேண்டும் என்று கேட்பது, கடைக்காரரைப் பொய் சொல்லத் தூண்டுவதற்குச் சமம்.

மல்லிகை விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. மல்லிகையை மொட்டாகவே பறிப்பார்கள். விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிப் பறிக்கத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த மொட்டு அன்று மாலை இருட்டும் நேரத்தில் விரியும், இரவெல்லாம் மணக்கும், மறுநாள் காலையில் விளிம்பு சிவந்து வாடத் தொடங்கும். மாலை வரவேற்புக்கு இதைவிடப் பொருத்தமான பூ வேறில்லை. கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் பல, விடியற்காலை நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையிலான முகூர்த்தத்தில் நடக்கின்றன. ‘அன்றைக்குப் பறித்த பூவாகவே இருக்க வேண்டும்’ என்று அந்த முகூர்த்தத்துக்கு வற்புறுத்துபவர், அன்றைய மொட்டு அந்த நேரத்தில் இன்னும் செடியிலேயே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார். மணப்பெண்ணின் தலைக்கு வரப்போவது முந்திய நாள் காலையில் பறித்த பூதான். அதை முந்திய நாள் மாலைவரை எப்படி வைத்திருந்தார்கள், எப்போது கட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் மொட்டாகவே வைத்திருந்து, விரிவதைத் தள்ளிப்போட்டு, இரவில் கட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். தொழில் தெரிந்த கடைக்கார அம்மாவாக இருந்தால், நீங்கள் கேட்பதற்கு முன்பே அவரே, “முகூர்த்தம் எத்தன மணிக்குங்க? மொட்டாவே வேணுமுங்களா, விரிஞ்சது வேணுமுங்களா?” என்று கேட்டுவிடுவார். அப்படிக் கேட்காத கடையில் கல்யாணத்துக்குச் சொல்லிவைக்க நான் யோசிப்பேன்.

விலையை ஒரு மாதத்துக்கு முன்பே பேசி முடித்துவிட நினைப்பதும் தவறுதான். ஏலத்தில் விலை தினமும் மாறுகிறது. கோடையில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்லிகை, பனி விழும் மார்கழி, தை மாதங்களில் செடி மொட்டு விடுவது குறைந்துபோவதால், விசேஷ நாட்களில் 2,000 ரூபாயைத் தாண்டுவதும் அதற்கு மேலே போவதும் உண்டு. பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் என்னும் தீமிதி விழாவும் அந்த மார்கழியில்தான் வருகிறது. நம் ஊரில் முகூர்த்தம் இல்லாத நாளாயிற்றே, விலை இறங்கியிருக்கும் என்று கணக்குப் போடுவதும் பலிக்காது. சத்திப் பூ கோவைக்கும் மைசூருக்கும் கேரளத்துக்கும் போகிறது. அங்கே விசேஷம் என்றால் இங்கே விலை ஏறும். ஓணத்தை ஒட்டிய நாட்களில் செண்டுமல்லி வாங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிலையான விலையைக் கறாராகப் பேசிவிட்டால் கடைக்காரர் நட்டப்பட மாட்டார். சரத்தில் காக்கடா கலந்துவிடுவார். பார்வைக்கு மல்லிகையைப் போலவே இருக்கும் காக்கடாவில் அந்த மணம் இருக்காது. ‘அன்றைய ஏல விலையை அனுசரித்துக்கொள்ளலாம், ஆனால் இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் மல்லிகையைக் குறைத்து முல்லையோ கனகாம்பரமோ சேர்த்துவிடுங்கள்’ என்று மாற்று ஏற்பாட்டை நீங்களே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. கனகாம்பரத்துக்கு மணமில்லை என்பது குறைதான். ஆனால் அது மல்லிகையைவிடக் கூடுதல் நேரம் வாடாமல் தாங்கும்.

பெயர்களில் வரும் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் செண்டுமல்லி என்றால் ஆரஞ்சு நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் வரும் அந்தப் பெரிய செண்டுப்பூ. அதற்கும் மல்லிகைக்கும் உறவே கிடையாது. வேறு ஊர்களில் இதையே சாமந்தி என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே சாமந்தி கேட்டால் செவ்வந்தி வந்து சேரும், விலையும் வேறாக இருக்கும். ஜாதிமல்லி தனிப் பூ. சம்பங்கி என்று கேட்டால் நீண்ட காம்பில் பூக்கும் நிலச்சம்பங்கியைத் தருவார்கள்; மரத்தில் பூக்கும் சண்பகத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் அது உங்கள் பிழை. வெறுமனே ‘மல்லி ஒரு கிலோ’ என்று மளிகைக் கடைக்கும் பூக்கடைக்கும் சேர்த்து ஒரே சீட்டில் எழுதி அனுப்பி, பூவுக்குப் பதிலாகவும் கொத்தமல்லி விதையே வாங்கிவரப் பார்த்த ஒரு வீட்டையும் நான் அறிவேன். சந்தேகம் இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, முழம் என்பது விற்பவரின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உள்ள நீளம் என்பதால் அது ஆளுக்கு ஆள் மாறும். அதுகூடப் பெரிதில்லை, நெருக்கமாகக் கட்டிய ஒரு முழத்தில் இருக்கும் பூவைக்கொண்டு, இடைவெளி விட்டு இரண்டு முழம் கட்டிவிடலாம். ஆகவே முழக்கணக்கோடு ‘நெருக்கமாகக் கட்டியது’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிலோக்கணக்கில் சொன்னால், உதிரியாக வேண்டுமா கட்டி வேண்டுமா என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது, கட்டுக்கூலி தனி. மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டோடு பெண்களுக்குக் கொடுப்பதற்கான பூ என்றால், ஒரே பந்தாக வாங்கி வந்து அங்கே கத்தரிக்கோல் தேடிக்கொண்டு நிற்காமல், துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் அடுக்கித் தரும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி முகவரி. கொங்கு நாட்டில் பாளையத்துக்கும் புதூருக்கும் வலசுக்கும் பஞ்சமில்லை. புதுப்பாளையம் என்று மட்டும் எழுதினால் எந்தப் புதுப்பாளையம் என்பது யாருக்கும் தெரியாது. என் சித்தி மகளின் புதுமனை புகுவிழாவுக்கு நான் சொல்லிவைத்த நிலைமாலையும் நாலு கிலோ உதிரிப்பூவும், நான் சொன்ன ஊர்ப் பெயரை நம்பி வேறொரு புதுப்பாளையத்துக்குப் போய், அங்கே எந்த விசேஷமும் இல்லாத ஒரு வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கணபதி ஹோமம் முடிந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தன. பூக்கொண்டுவந்த பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஊர்ப் பெயரோடு அது எந்தச் சாலையில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதையும், அருகிலிருக்கும் கோயில் அல்லது பால் சொசைட்டி போன்ற ஓர் அடையாளத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வீட்டில் இருந்து போனை எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணையும் கொடுங்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் எண்ணைக் கொடுப்பதில் பயனில்லை.

டவுனை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்குக் கடைக்காரர்கள் இன்றும் பஸ்ஸில்தான் பூவைக் கொடுத்துவிடுகிறார்கள். மலிவான, நம்பகமான ஏற்பாடு அது. ஆனால் எந்த பஸ், எத்தனை மணிக்குப் புறப்பட்டது, கண்டக்டர் எண் என்ன என்பவற்றைக் கேட்டு வாங்கி, நிறுத்தத்தில் ஓர் ஆளை நிற்க வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பழைய டவுன் பஸ்களில் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மேடை, பெட்டி வைக்க வசதியான இடமாகத் தோன்றும். அங்கே அரை மணி நேரம் இருந்த மல்லிகை வெந்துபோய் இறங்கும்.

இணையத்தில் தேடினால், ஊரின் பெயரோடு ‘உங்கள் அருகில் பூ டெலிவரி’ என்று காட்டும் தளங்கள் பல வரும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஊரில் கடை கிடையாது. ஆர்டரை வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்துக்கு உள்ளூரில் ஒருவரிடம் சொல்லிவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் லில்லியும் ஆர்க்கிடும் இங்குள்ள கடையில் இருப்பில் இருக்காது. அவற்றுக்குப் பதிலாக எது கிடைக்கிறதோ அது ஜிகினாத் தாளில் சுற்றப்பட்டு வரும். கூகுள் மேப்பில் கடையின் எண்ணை எடுத்து நேராகப் பேசி, ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பிவிட்டால் அதே பணத்துக்குக் கூடுதல் பூ கிடைக்கும். பொக்கேயே வேண்டுமா என்பதையும் யோசித்துப் பாருங்கள். பிறந்தநாளுக்கு மகன் அனுப்பிய பொக்கேயை வைக்க ஜாடி இல்லாமல் டிவி மேல் சாய்த்து வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஐந்து முழம் மல்லிகை வந்திருந்தால் சாமிக்கு வைத்து, தானும் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் நறுக்கிக் கொடுத்திருப்பார்.

மாலை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது மிகவும் சங்கடமான தவறு. “நல்லதுக்குங்களா, கெட்டதுக்குங்களா?” என்று கடையில் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது, கட்டும் விதமும் பூவும் அதைப் பொறுத்து மாறும். துக்க வீட்டுக்கு அனுப்பும்போது, எப்போது எடுக்கிறார்கள் என்பதை உறவினரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த நேரத்தையே கடைக்குச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது என்று நாமாக நினைத்துக்கொண்டால், வெறும் வாசலுக்கு மாலை போய்ச் சேரும். கோயில் மாலையாக இருந்தால் சிலையின் உயரத்தையும், அங்கே எந்தப் பூவை ஏற்பார்கள் என்பதையும் பூசாரியிடமே கேட்டுவிடுவது சுலபம். சிவனுக்குத் தாழம்பூ ஆகாது, பிள்ளையாருக்குத் துளசியை வழக்கமாகச் சாத்துவதில்லை என்பவை கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும் என்றாலும், எந்தச் சாமிக்கு என்று சொன்னால்தானே அவருக்குத் தெரியும்.

பூ வந்து சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் வைத்துவிடும் பழக்கம் கல்யாண வீடுகளில் அதிகம். உடனே திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, ஈர வாழையிலையில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். ஃபிரீசரில் வைக்கக்கூடாது, மல்லிகையின் மேல் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளிக்கவும் கூடாது, சொட்டு விழுந்த இதழ்கள் சிவந்துவிடும். எடை குறைவாகத் தெரிந்தாலும், வேறு பூ கலந்திருந்தாலும், பிரித்த நேரத்திலேயே படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும். மறுநாள் அனுப்பும் படத்தில் எந்தப் பூவும் வாடித்தான் இருக்கும்.