ரெனசான்ஸ் ஃபேருக்கு வேஷமா? காலில் இருந்து தொடங்குங்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் ஹூஸ்டனில் எங்கள் நண்பர்களிடையே ஒரே பேச்சுதான். இந்த வருஷம் ரெனசான்ஸ் ஃபேருக்கு என்ன வேஷம்? கவுன் எங்கே கிடைக்கும், தொப்பியை நாமே தைக்கலாமா, பெல்ட் எவ்வளவு அகலம் என்று நாள் கணக்கில் அலசுவார்கள். காலுக்கு என்ன போடுவது என்ற கேள்வி கிளம்புகிற அன்று காலையில்தான் வரும். அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரான், ஃபிலிஸ் பேட்டர்சன் தம்பதி 1963-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட ஒரு சந்தை நடத்தினார்கள். முதலாம் எலிசபெத் அரசி காலத்து (16-ஆம் நூற்றாண்டு) இங்கிலாந்துக் கிராமத்துச் சந்தை மாதிரி அதை அமைத்திருந்தார்கள். அதுதான் ரெனசான்ஸ் ஃபேர் என்று அங்கிருந்து பரவி இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடக்கிறது. எங்களுக்குப் பக்கம் டாட் மிஷனில் நடக்கும் டெக்சஸ் ரெனசான்ஸ் ஃபெஸ்டிவல் 1974-ல் தொடங்கியது. வேஷம் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டுக்கொண்டு போனால் அந்த நாளே வேறு மாதிரி இருக்கும்.

நான் முதல் தடவை போனபோது, இணையத்தில் ‘இடைக்கால பூட்ஸ்’ என்று விற்ற ஒரு ஜோடியை வாங்கினேன். படத்தில் தோல் மாதிரி இருந்தது, வந்தது ரெக்சின். உள்ளே காற்றுப் போக வழியே இல்லை. பதினொரு மணிக்கு வலது குதிகாலில் சுருக்கென்றது. ஒரு மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினால், எட்டணா அகலத்துக்குத் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது. குதிரையேறி ஈட்டியால் மோதும் ஆட்டத்தைப் பார்க்கத்தான் என் மகள் ஒரு மாதமாகக் காத்திருந்தாள். அந்த மைதானம் மறுகோடியில். என்னால் நடக்க முடியவில்லை, அவளும் பார்க்கவில்லை. இனி யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

படி 1: தரை எப்படி என்று பாருங்கள்

இந்த ஃபேர்கள் பெரும்பாலும் திறந்தவெளியில் நடப்பவை. மண் பாதை, புல், சரளைக்கல், மர வேர். மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. காலை பத்து மணிக்கு நுழைந்தால் சாயங்காலம்வரை நடையும் நிற்பதும்தான். ஆக, வேஷத்துக்கு ஏற்ற ஷூ எது என்பதற்கு முன்னால், நாள் முழுக்க மண்ணில் நடக்கத் தாங்கும் ஷூ எது என்று கேளுங்கள்.

படி 2: அந்தக் காலத்தில் உண்மையில் என்ன போட்டார்கள்

இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ‘மேரி ரோஸ்’ என்ற போர்க்கப்பல் 1545-ல் மூழ்கியது. 1982-ல் அதை மேலே தூக்கினார்கள். மாலுமிகளும் வீரர்களும் போட்டிருந்த தோல் ஷூக்கள் நூற்றுக்கணக்கில் அதிலிருந்து கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை தட்டையானவை, கணுக்காலுக்குக் கீழே நிற்பவை. சிலவற்றில் மேலே ஒரு பட்டை உண்டு. அந்தக் காலத்து ஷூவில் விரல் பகுதி நன்றாக அகன்றிருக்கும். குதிகால் உயர்ந்த ஷூ ஐரோப்பாவில் பரவலானது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். கடையில் தொங்குகிற, மேல்விளிம்பு மடங்கிய கடற்கொள்ளையர் பூட்ஸ் அதற்கும் பிந்திய காலத்தது.

தட்டையான, விரல்கள் விரிந்து இருக்க இடமுள்ள, பழுப்பு நிறத் தோல் ஷூ. வரலாற்றுக்கும் அதுதான் சரி, காலுக்கும் அதுதான் சுகம். நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்துக் கையால் தைத்த பூட்ஸ் வாங்காவிட்டால் வேஷம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கிராமத்துப் பெண்ணும் மாலுமியும் தையல்காரரும் அப்படி விலையுயர்ந்த பூட்ஸ் எதையும் போட்டதில்லை.

படி 3: வீட்டில் தேடுங்கள், அப்புறம் பழைய பொருள் கடையில் தேடுங்கள்

முதலில் உங்கள் ஷூ அலமாரியைப் பாருங்கள். பழுப்பு, கறுப்பு, சாம்பல் நிறத்தில் கணுக்கால் வரை வரும் தோல் பூட்ஸ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முன்பக்கம் ஒற்றைப் பட்டை வைத்த ‘மேரி ஜேன்’ ஷூவும் பொருந்தும். இல்லையென்றால் குட்வில், சால்வேஷன் ஆர்மி போன்ற பழைய பொருள் கடைகளுக்குப் போங்கள். நான் இப்போது போடுவது அப்படி 12 டாலருக்கு வாங்கிய சூயிட் (வழுவழுப்பில்லாத, மெத்தென்ற தோல்) பூட்ஸ்தான். முந்திய சொந்தக்காரர் போட்டுப் பழக்கியிருந்ததால் தோல் ஏற்கெனவே இளகியிருந்தது.

சாயங்காலம் வாங்கப் போங்கள். பகல் முழுக்க நடந்தபின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஃபேரிலும் அப்படித்தான் இருக்கும். அன்றைக்குப் போடப்போகும் சாக்ஸையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலத்துக்கு இடம் வேண்டும். அப்புறம் ஷூவைக் கையில் எடுத்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது. நடுப்பாதத்தில் அட்டை மாதிரி இரண்டாக மடிந்தால் வைத்துவிட்டு நகருங்கள், அது உங்கள் பாதத்தைத் தாங்காது.

அடிப்பாகத்தையும் பாருங்கள். வழுவழுப்பான தோல் அடி ஈரப்புல்லில் வழுக்கும். மற்றதெல்லாம் பிடித்திருந்தால், ஷூ ரிப்பேர் கடையில் கொடுத்து மெல்லிய ரப்பர் அடி ஒட்டச் சொல்லலாம். உள்ளே ஒரு நல்ல இன்சோல், அதாவது பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை, போட்டால் 12 டாலர் ஷூவும் உழைக்கும். காசைச் செலவழிப்பதாக இருந்தால் அந்த இன்சோலில் செலவழியுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கொலாப்புரி செருப்பு, ராஜஸ்தானி ஜூத்தி இவற்றைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அடி மெல்லிசு, சரளைக்கல் ஒவ்வொன்றும் தெரியும். சேற்றில் தோல் ஊறிப்போகும். படம் எடுக்கும்போது மாட்டிக்கொள்ளப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க வேண்டாம்.

படி 4: ஸ்னீக்கர்ஸை விட முடியாதவர்களுக்கு

பாத வலி, சர்க்கரை நோய், மருத்துவர் சொன்ன தனி ஷூ என்று சிலருக்குக் காரணம் இருக்கும். அவர்கள் தங்கள் ஷூவையே போடட்டும். பார்ப்பவர் கண்ணை இழுப்பவை மூன்றுதான்: வெள்ளை அடி, கம்பெனி முத்திரை, பளபளக்கும் ஜிப்போ கண்ணியோ. கறுப்பு அடி வைத்த கறுப்பு ஷூவாக எடுத்து, பளிச்சென்ற லேஸை உருவிவிட்டுப் பழுப்பு நிற லேஸ் கோத்துவிட்டாலே பாதி மறைந்துவிடும்.

மீதியை மறைக்க ஒரு துணி உறை போதும். பழைய சூயிட் ஜாக்கெட்டின் கையை வெட்டுங்கள். அகலமான பக்கம் முழங்காலுக்குக் கீழே, குறுகலான பக்கம் ஷூவின் மேல் விழுமாறு காலில் மாட்டுங்கள். பாதத்துக்கு அடியில், குதிகாலுக்குச் சற்று முன்னால் வரும்படி ஓர் எலாஸ்டிக் பட்டையை இரு பக்கமும் தைத்துவிட்டால் மேலே ஏறாது. வெளியே ஒரு தோல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்டுங்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் பூட்ஸ்தான்.

படி 5: சாக்ஸும் ஸ்டாக்கிங்ஸும்

கொப்புளம் வருவது ஈரமும் உராய்வும் சேரும்போது. பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ்தான் என் முதல் சிபாரிசு. டெக்சஸ் வெயிலில் கம்பளியா என்று தயங்காதீர்கள், மெல்லிசாக இருந்தால் சூடு தெரியாது. அந்தக் காலத்துக்கும் கம்பளிதான் பொருத்தம். சாதாரண மக்கள் காலுறையைக் கம்பளித் துணியில், தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்பார்களே, அந்த மூலைவாட்டில் வெட்டித் தைத்தார்கள். அப்படி வெட்டினால்தான் துணி இழுத்துக் கொடுக்கும். பின்னல் காலுறையும் புழக்கத்துக்கு வந்தது. வில்லியம் லீ என்பவர் அதற்கென்றே 1589-ல் ஒரு பின்னல் எந்திரம் செய்தார். 1562-ல் இறந்த ஃபுளோரன்ஸ் சீமாட்டி எலியனோரா தி தொலேதோவோடு புதைத்த சிவப்புப் பட்டுக் காலுறை இன்றும் இருக்கிறது. கையால் பின்னியது, மேல்விளிம்பில் வேலைப்பாடு.

நமக்கு அவ்வளவு வேண்டாம். முழங்காலைத் தாண்டும் சாக்ஸ், கோடோ எழுத்தோ இல்லாமல் ஒரே நிறத்தில் இருந்தால் போதும். விளையாட்டுப் பொருள் கடையில் கால்பந்து சாக்ஸாகவே மலிவாகக் கிடைக்கும். அது செயற்கை நூல் என்பதால் உள்ளே மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்றைப் போட்டு, மேலே இதைப் போடுங்கள். இரண்டு அடுக்கு இருந்தால் உராய்வு துணிக்கும் துணிக்கும் இடையில் போய்விடும், தோல் பிழைக்கும். நிறம் கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கரும்பச்சை, சாம்பல். வெள்ளை ஒரு மணி நேரத்தில் புழுதி நிறமாகிவிடும்.

இடுப்புவரை வரும் டைட்ஸ் போடலாமா? பெண்களுக்கு நான் வேண்டாம் என்பேன். மூன்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னத் தற்காலிகக் கழிப்பறைக்குள் டைட்ஸை இறக்கி ஏற்றுவது பெரும் பாடு. முழங்கால் சாக்ஸ்தான் நிம்மதி.

படி 6: சாக்ஸ் இறங்காமல் இருக்க ஒரு ரிப்பன்

ஓர் அங்குல அகலம், ஒரு மீட்டர் நீளம். சாட்டின் வழுக்கும், பருத்தி நாடாவோ கம்பளிப் பட்டையோ வாங்குங்கள். முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் சதை தொடங்குவதற்கு முன் கால் சற்று ஒடுங்கும் இடம் இருக்கிறது, விரலால் தடவினால் தெரியும். அங்கே இரண்டு சுற்றுச் சுற்றி, வெளிப்பக்கம் முடிச்சுப் போடுங்கள். கீழே சதை அகலமாக இருப்பதால் ரிப்பன் இறங்காது. தொடையில் கட்டினால் கால் கீழே போகப் போக ஒடுங்கும், நாலு அடி நடப்பதற்குள் இறங்கிவிடும். ஒரு விரல் நுழையும் அளவுக்கு இளக்கம் விடுங்கள். பாதம் மரத்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

படி 7: ஆண்களுக்குக் கால்சட்டை, பெண்களுக்குப் பாவாடைக்கு அடியில்

ஆண்களுக்கு ஒரு நல்ல செய்தி, உங்கள் வீட்டிலேயே துணி இருக்கலாம். பழைய பருத்தி சல்வார் பேண்ட், அதிலும் பட்டியாலா என்றால் இன்னும் நல்லது. இடுப்பில் சுருக்கு, தொடையில் தாராளம், நாடா எல்லாம் தயாராக இருக்கும். என் கணவருக்கு நான் செய்தது இதுதான்: முழங்காலுக்குக் கீழே நாலு அங்குலம் விட்டு வெட்டினேன். விளிம்பை ஓர் அங்குலம் மடித்துத் தைத்து, அதற்குள் எலாஸ்டிக் கோத்தேன். போட்டுக்கொண்டு விளிம்பை முழங்காலுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டால் தொடையில் உப்பி நிற்கும். கீழே கடுகு நிற சாக்ஸ், ரிப்பன். அரை மணி நேர வேலை. பூப்போட்ட துணியாக இருந்தால் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுங்கள்.

லெக்கிங்ஸ் போடும் ஆண்கள் மினுமினுப்பு இல்லாததாக எடுங்கள், மேலே தொடைப் பாதிவரை வரும் சட்டை போடுங்கள். கூச்சமில்லாமல் நடக்கலாம்.

பெண்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, புடவைக்குக் கட்டும் பருத்தி உள்பாவாடை கவுனுக்கு அடியில் அருமையாகப் பொருந்தும், இரண்டைக் கட்டினால் கவுன் விரிந்து நிற்கும். நீளம் கணுக்காலோடு நிற்கட்டும். தரையைத் தொட்டால் சேற்றையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும், படியில் மிதித்து விழவும் கூடும். இன்னொன்று, தொடை உரசல். வெயிலில் நாள் முழுக்க நடந்தால் அது குதிகால் கொப்புளத்தைவிட மோசம். முழங்கால் வரை வரும் சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஒன்றை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். வெளியே தெரியப்போவதில்லை.

படி 8: இரண்டு வாரம் முன்பே பழக்குங்கள்

புது ஷூ என்றால் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், மறுநாள் கடைக்கு, அப்புறம் பூங்காவில் நாலு சுற்று. எப்போதும் அந்த சாக்ஸோடுதான். எங்கே உரசுகிறதோ அங்கே ஷூவின் உட்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஃபேர் அன்று காலையில் அந்த இடத்துக்கு நேராக உங்கள் காலில் பிளாஸ்திரியோ, மருந்துக் கடையில் கிடைக்கும் மோல்ஸ்கின் என்ற ஒட்டும் மெத்தைத் துணியோ ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வருமுன் அந்த இடம் சூடாகும். அந்தச் சூடு தெரிந்த உடனே நின்று ஒட்ட வேண்டும். “அடுத்த கடைவரை போய்விடலாம்” என்று நான் நடந்த அந்த இருபது நிமிடம்தான் என் குதிகாலை உரித்தது.

குழந்தைகளுக்கு வேஷ ஷூவே வேண்டாம். தினமும் போடும் ஷூவில் பழுப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டிவிடுங்கள், போதும்.

பையில் எடுத்துப்போக: ஆளுக்கொரு ஜோடி மாற்று சாக்ஸ், பிளாஸ்திரி, ஈர சாக்ஸைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. மதியம் சாப்பிட உட்காரும்போது சாக்ஸை மாற்றிப் பாருங்கள், காலையில் கிளம்பிய கால் மாதிரி ஆகிவிடும். காரில் ஒரு சாதாரண ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் சேற்றை உடனே கழுவாதீர்கள். காயவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரமான தோல் ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் தோல் வெடிக்கும். மறுநாள் தாளை மாற்றுங்கள். முழுக்கக் காய்ந்ததும், வழுவழுப்பான தோல் என்றால் கொஞ்சம் லெதர் கண்டிஷனர் தடவி, ரிப்பனையும் சாக்ஸையும் உள்ளேயே சுருட்டி வைத்துவிடுங்கள். அடுத்த அக்டோபரில் தேட வேண்டியிருக்காது.