பாரம் ஏற்றிய மொடல் விமானத்தைப் புல்தரையிலிருந்து எழுப்புவது எப்படி? மலையகத்தில் புதிதாகப் பறக்கவிடுவோருக்கு

கொழும்பில் தார்த்தரையிலிருந்து சுலபமாக எழும்பிய விமானத்தை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து, பாரத்தையும் ஏற்றித் தோட்டத்துக் கிரவுண்டில் விட்டால், பாதித் தூரம் உருண்டு புல்லுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். உடனே பெரிய மோட்டர் வாங்க ஓட வேண்டாம். முதலில் சக்கரத்தைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, இறக்கை 1.6 மீட்டர் நீளம், வெறும் எடை 2 கிலோ, பாரம் 1 கிலோ என்று ஒரு மின்மோட்டர் விமானத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: உயரத்தைக் கணக்கில் எடுங்கள்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே எடையைத் தூக்க விமானம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். வேகம் 10 சதவீதம் கூடினாலே ஓடும் தூரம் 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பெற்றோல் எஞ்சின் என்றால் அதன் பலமும் இங்கே குறையும். எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை மலைக்கு ஏற்றபடி திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

படி 2: புல்லின் இழுவையை அளந்து பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பயணப்பை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். கொழுந்து நிறுக்கும் தராசு இதற்குச் சரிவராது, அதில் சின்ன எடை தெரியாது.

பாரத்தை ஏற்றிய பிறகு, சக்கரத்தைத் தாங்கும் கம்பியில் நூலைக் கட்டி, தராசை மாட்டி, நடக்கிற வேகத்தில் புல்மேல் இழுங்கள். 3 கிலோ விமானத்துக்குத் தராசு 300 கிராமுக்குள் காட்டினால் நல்ல தரை. 600 காட்டினால் புல் விமானத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பாதையின் நாலைந்து இடங்களில் இழுத்துப் பாருங்கள். மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலும், வெட்டிய மானாப்புல்லின் அடிக்கட்டையிலும் எண் திடீரென்று ஏறும். அந்த இடங்களை விட்டு ஓடுபாதையைத் தெரிவுசெய்யுங்கள்.

அடுத்து, வாலைத் தராசில் கட்டி, தராசை ஒரு கட்டையில் கட்டி, முழு வேகத்தில் மோட்டரை ஓடவிடுங்கள். புரொப்பெல்லருக்கு முன்னாலும் பக்கத்திலும் ஒருவரும் நிற்கக் கூடாது. வருகிற எண்தான் உந்துவிசை. உங்கள் மலையிலேயே அளப்பதால் அடர்த்தி குறைந்த காற்றால் வரும் குறையும் அதில் சேர்ந்தே வந்துவிடும். உந்துவிசை எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. புல்லின் இழுவை உந்துவிசையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் விமானத்தை ஓடவிட மாட்டேன்.

படி 3: சக்கரம், கம்பி

பெட்டியோடு வரும் 60, 65 மில்லிமீட்டர் சக்கரங்கள் தார்த்தரைக்குத்தான். இந்த எடைக்குப் புல்லில் 90 முதல் 100 மில்லிமீட்டர் வரை போடுங்கள், பாரமில்லாத ஃபோம் சக்கரமாக. சக்கர மூடி இருந்தால் கழற்றிவிடுங்கள், அதற்குள் புல் போய் அடைத்துக்கொள்ளும். மாற்றியபின் திரும்ப இழுத்துப் பாருங்கள், எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

கம்பியையும் கவனியுங்கள். பாரத்தோடு ஓடும்போது புல் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும், மெல்லிய கம்பி அப்படியே பின்னால் வளையும். சக்கரம் பின்னுக்குப் போனால் விமானம் மூக்குக் குத்தும். தடித்த கம்பி போடுங்கள், இல்லாவிட்டால் குறுக்கே ஒரு கம்பி வைத்துக் கட்டுங்கள். வால்சக்கர விமானத்தில் முன் சக்கரங்களின் அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேராக இருந்தால் நல்லது. மூக்குச்சக்கர விமானம் தரையில் தலை கவிழ்ந்து நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கவிழ்ந்து நின்றால் இறக்கை தரையை நோக்கித்தான் அமுக்கும்; மூக்குக் கம்பியைச் சற்று நீளமாக்கி மூக்கை உயர்த்த வேண்டும்.

படி 4: புரொப்பெல்லர்

12க்கு 8 (விட்டம் 12 அங்குலம், ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம் 8 அங்குலம்) போட்டிருந்தால் 13க்கு 6 போட்டுப் பாருங்கள். மோட்டருக்குச் சுமை ஏறக்குறைய அதேதான், ஆனால் புறப்படும்போது இழுக்கும் பலம் கூடும். மின்னோட்டத்தை மீட்டரில் சரிபாருங்கள். நுனி புல்லில் படாமல் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

படி 5: பாரம் வைக்கும் இடம்

பாரம் ஈர்ப்பு மையத்துக்கு (விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளிக்கு) நேரே இருக்க வேண்டும், ஓட்டத்தில் நகரவும் கூடாது. முதல் முறை பாதிப் பாரத்தோடு எழுப்புங்கள்.

படி 6: நேரமும் காற்றும்

விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், ஆனால் பனியில் நனைந்த புல் சக்கரத்தை நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏறிப் புல் காய்ந்து, மெல்லிய காற்று வரும் நேரம்தான் நல்ல நேரம். நேர் எதிரே விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று இருந்தால், நம் உதாரண விமானம் ஓடும் தூரம் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். இது பெரிய உதவி.

கிரவுண்டின் ஓரம் பள்ளத்தில் முடிந்தால், அங்கே போய் விழுந்து வேகம் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். மேட்டைத் தாண்டி இறங்கும் காற்று விமானத்தையும் கீழே அமுக்கும். கீழ் மலையில் கொழுந்து எடுப்பவர்கள் இருந்தால் அந்தப் பக்கம் கிளப்பவே கூடாது. தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஓட்டம்

ஓடுபாதையின் பாதியில் ஒரு கொடி நடுங்கள். வால்சக்கர விமானம் என்றால் எலிவேட்டரை (வாலில் கிடையாக இருக்கும் அசையும் தகட்டை) மேலே பிடித்தபடி தொடங்கி, மோட்டரை இரண்டு மூன்று விநாடிக்குள் முழுதாகக் கொடுங்கள். வேகம் ஏற ஏற எலிவேட்டரை விடுங்கள், வால் தானாக எழும்பும். இடப்பக்கம் இழுத்தால் ரடரை (வாலில் செங்குத்தாக இருக்கும் அசையும் தகட்டை) வலப்பக்கம் திருப்பித் திருத்துங்கள். மூக்குச்சக்கர விமானத்தில் எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே பிடித்து மூக்கின் பாரத்தைக் குறைத்தால் போதும்.

கொடிக்கு வரும்போது வால் எழும்பவில்லை, மூக்கு லேசாகவில்லை என்றால் உடனே மோட்டரை நிறுத்துங்கள். தரையை விட்டதும் மேலே இழுக்காதீர்கள். இடுப்பளவு உயரத்தில் நேராகப் போகவிட்டு, வேகம் பிடித்தபின் மெதுவாக ஏற்றுங்கள். முதல் திருப்பத்தையும் அகலமாக எடுங்கள். பாரத்தோடு அதிகம் சாய்த்துத் திருப்பினால் இறக்கை தூக்கும் பலத்தை இழந்து விமானம் விழலாம்.

இறக்கியதும் சக்கர அச்சில் சுற்றிய புல்லை எடுத்துவிட்டு, கம்பி பின்னால் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நேராக இருந்தால் அடுத்த முறை கால் கிலோ கூட்டலாம். கூட்டியபின் மறுபடி தராசில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.