குத்தரிசிக்கு ஏற்ற உயர்தர ரைஸ் குக்கரைத் தெரிவு செய்யும் முறை

விலை கூடிய ரைஸ் குக்கர் ஒன்றை வாங்க நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன் தீர்மானிக்க வேண்டிய முதல் விடயம், தமது வீட்டில் நாளாந்தம் எந்த அரிசி சமைக்கப்படுகிறது என்பதாகும். சொஜிருஷி, டைகர், பனசோனிக் முதலான ஜப்பானியக் குக்கர்களும் குக்கூ போன்ற கொரியக் குக்கர்களும், அந்த நாட்டு மக்கள் உண்ணும் குட்டையான, ஒட்டுந்தன்மை கூடிய, நன்கு தீட்டிய பச்சையரிசியை மனதில் வைத்தே பெரும்பாலும் வடிவமைக்கப்பட்டவை. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ் விளைந்த நெல்லை அவித்துக் குற்றி, தவிடு போகாமல் எடுக்கும் நமது சிவப்பரிசி, அதாவது குத்தரிசி, வேகும் விதமே வேறு. வெளிநாட்டவர் எழுதும் பரிந்துரைகளை அப்படியே பின்பற்றினால், அவர்களுக்கு மிகச் சிறந்ததாக அமைந்த குக்கர் நமக்கு நடு வேகாத சோற்றைத் தரக்கூடும். கிளிநொச்சியிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒன்றைத் தெரிவு செய்தபோது நான் அறிந்துகொண்டவற்றை, முதன்முறையாக வாங்குவோருக்குப் பயன்படும் ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

படி 1: அரிசியும் குக்கரின் வகையும்

சாதாரணக் குக்கர் இயங்கும் விதம் எளிமையானது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. அரிசி தண்ணீரை உறிஞ்சி முடித்ததும் அடிப்பகுதியின் வெப்பம் ஏறத் தொடங்கும். ஏறக்குறைய 103 பாகையில், அடியிலுள்ள சிறிய காந்தம் தன் காந்தத்தன்மையை இழந்து ஆளியை விடுவிக்கும். அரிசி வெந்ததா என்பதை அந்தக் குக்கர் அறியாது. தண்ணீர் முடிந்ததா என்பதை மாத்திரமே அறியும். தவிடு நீக்கிய நாட்டரிசியும் சம்பாவும் மட்டுமே சமைக்கும் வீட்டுக்கு இது போதும். அத்தகையோர் உயர்தரக் குக்கருக்குப் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

தவிடு நீக்காத அரிசிக்குத்தான் அடுத்த நிலைகள் பயன் தருகின்றன. நுண்செயலி பொருத்திய குக்கர், அரிசியை முதலில் இளஞ்சூட்டில் ஊறவைத்து, பின்னர் கொதிக்கவைத்து, இறுதியில் மூடியபடியே புழுங்கவிடும். தூண்டல் வெப்ப (induction) முறையில் பானையே சூடாவதால் வெப்பம் அடியிலிருந்து மட்டுமன்றிப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. இன்று பனசோனிக் எனப்படும் மற்சுஷிற்ரா நிறுவனம் 1988இல் இம்முறையை வீட்டுக் குக்கரில் கொண்டுவந்தது. இதற்கும் மேலாக அழுத்தத்தைச் சேர்க்கும் குக்கர்கள் உள்ளன. வளியழுத்தத்தின் 1.2 மடங்கில் தண்ணீர் ஏறக்குறைய 105 பாகையில் கொதிக்கும். கொரிய வகைகளில் அழுத்தம் பொதுவாக இன்னும் கூடுதலாக இருக்கும். இந்தச் சில பாகைகள் சிறியவையாகத் தோன்றினாலும், மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற அரிசிகளின் தவிட்டுத் தோலை மென்மையாக்குவதில் அவற்றின் பங்கு பெரிது. நாளாந்தம் சிவப்பரிசி உண்ணும் வீட்டுக்கு அழுத்தத்தோடு கூடிய தூண்டல் வெப்பக் குக்கரையே நான் பரிந்துரைப்பேன். வாரத்தில் ஓரிரு தடவை மட்டும் சிவப்பரிசி சமைப்பவருக்கு, 'தவிட்டரிசி' (Brown Rice) என்ற தனித் தெரிவு உள்ள நுண்செயலிக் குக்கர் போதுமானது.

கடையில் முதலில் தேட வேண்டியதும் அந்தத் தெரிவைத்தான். அது இல்லாத குக்கரை, எத்தனை பொத்தான்கள் இருந்தாலும், குத்தரிசிக்காக வாங்க வேண்டாம்.

படி 2: கொள்ளளவு

அதிகம் பேர் இடறுவது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். பெட்டியில் '5.5 கோப்பை' அல்லது '10 கோப்பை' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கோப்பை நமது வீட்டுக் கோப்பையும் அன்று, பால்ரின் சுண்டும் அன்று. ஜப்பானிய அளவில் ஒரு கோப்பை 180 மில்லிலீற்றர்; அதில் ஏறக்குறைய 150 கிராம் பச்சையரிசி கொள்ளும். ஆகவே 5.5 கோப்பைக் குக்கர் என்பது 1 லீற்றர் அரிசிக்கானது. 10 கோப்பைக் குக்கர் 1.8 லீற்றர் அரிசிக்கானது. குக்கரோடு வரும் சிறிய கோப்பையைத் தொலைத்துவிட்டுச் சுண்டால் அளந்து, தண்ணீரைப் பானையிலுள்ள கோட்டின்படி ஊற்றினால், கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

இதைவிட முக்கியமான செய்தி பெட்டியின் வெளிப்புறத்தில் இருப்பதில்லை. கையேட்டின் உட்பக்கத்து அட்டவணையில் இருக்கிறது. பெட்டியில் எழுதப்பட்ட கொள்ளளவு தீட்டிய வெள்ளை அரிசிக்கு மட்டுமே உரியது. தவிட்டரிசிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவதாலும் கொதிக்கும்போது நுரை அதிகம் எழுவதாலும், 5.5 கோப்பைக் குக்கரில் அதன் உச்ச அளவு பெரும்பாலும் 4 கோப்பையாகவும், 10 கோப்பைக் குக்கரில் 8 கோப்பையாகவும் குறைக்கப்பட்டிருக்கும். 4 கோப்பை என்றால் ஏறக்குறைய 600 கிராம் அரிசிதான். வயலுக்குப் போய்வருவோர் இருக்கும், ஐந்தாறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் வன்னிக் குடும்பம் ஒன்றுக்கு அது போதாது. மறுபுறத்தில், பெரிய குக்கரில் மிகச் சிறிதளவு அரிசியை இட்டால் சோறு சீராக வேகாது; ஆகக் குறைந்த அளவும் அதே அட்டவணையில் இருக்கும். எனவே வீட்டில் ஒரு வேளைக்கு இடும் அரிசியைத் தராசில் நிறுத்து, அந்த எடையைக் கையில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பாருங்கள். இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு 5.5 கோப்பையும், நான்கு பேருக்கு மேற்பட்டோர் குத்தரிசி உண்ணும் வீட்டுக்கு 10 கோப்பையும் பொருத்தமாக அமையும்.

படி 3: மின்சாரம்

நமது மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். ஜப்பானில் உள்நாட்டுப் பாவனைக்கு விற்கப்படும் குக்கர்கள் 100 வோல்ற்றுக்கு உரியவை. கனடாவில் விற்கப்படுபவை 120 வோல்ற்று, 60 ஹேட்ஸுக்கு உரியவை. குக்கரின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் 220 அல்லது 230 என்ற எண்ணைக் கண்ணால் காணாமல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே நிறுவனம் ஒரே தோற்றத்தில் இருவகையையும் தயாரிப்பதுண்டு.

அடுத்து, அந்தத் தகட்டிலேயே உள்ள வாற்று அளவைப் பாருங்கள். 1200 வாற்றுத் தூண்டல் வெப்பக் குக்கர் 230 வோல்ற்றில் 5.2 அம்பியர் மின்னை இழுக்கும். மீள்குடியேற்ற காலத்தில் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் குசினியில் 5 அம்பியர் வட்டமுள் பிளக் பொயின்ற் மாத்திரமே உள்ளது. அதில் இதனை இணைக்கக் கூடாது. மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு, புவித்தொடுப்புள்ள 13 அம்பியர் பொயின்ற் ஒன்றைப் போட்டுக்கொள்வது குக்கர் வாங்குவதற்கு முந்திய வேலை. மின்வெட்டின்போது இன்வேட்டரில் இயக்க நினைப்பவர்கள், சிறிய இன்வேட்டரால் தூண்டல் வெப்பக் குக்கரைத் தாங்க முடியாது என்பதையும், சீரான அலை தராத மலிவான இன்வேட்டர்கள் அதன் மின்னணுப் பகுதிக்கு ஏற்றவை அல்ல என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும். மின் அடிக்கடி நின்று வரும் கிராமத்தில் இருப்பவருக்கு, வாற்று அளவு குறைந்த, கனத்த பானையுடைய நுண்செயலிக் குக்கரே நிம்மதி தரும். மின் நின்று திரும்பும்போது சமையல் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது: இப்பதிவை வாசித்த பலர், கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த குக்கரை இங்கே பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார்கள். 120 வோல்ற்றுக் குக்கரை நேரடியாக 230 வோல்ற்றில் இணைத்தால், வெப்பச் சுருள் தனக்குரிய வலுவின் மூன்றரை மடங்குக்கு மேல் இழுக்க முயலும். அது எரிந்து போவதோடு தீ ஆபத்தும் உண்டு. மின்மாற்றி வைத்துப் பயன்படுத்துவதாயின், குக்கரின் வாற்று அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தாங்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். அப்படி ஒரு மின்மாற்றி பாரமானது, விலையும் கூடியது. ஆனால் அது மின்னழுத்தத்தை மாற்றுமே தவிர 60 ஹேட்ஸைத் தராது. ஆகவே தூண்டல் வெப்பக் குக்கருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. அன்போடு வாங்கித் தர விரும்பும் உறவினரிடம், பெட்டியை வாங்குவதற்கு முன்பே தகட்டில் 220 அல்லது 230 வோல்ற்று என்று இருக்க வேண்டும் எனச் சொல்லிவிடுவது நல்லது. பிரித்தானியாவிலிருந்து வருபவை 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றின் சதுரமுள் பிளக்கும் நமது 13 அம்பியர் பொயின்ற்றுக்குப் பொருந்தும்.

படி 4: பானையும் உதிரிப்பாகமும்

பானையின் தடிப்பு வெப்பத்தைச் சீராக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். கரி, வைரம், மண் என்று பூச்சுக்குச் சூட்டப்படும் பெயர்களுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பூச்சைக் காப்பதே முக்கியம். ஆலையிலிருந்து நேரடியாக வரும் நமது அரிசியில் சிறு கல் கலந்திருப்பதால், அதைக் குக்கரின் பானையிலேயே கழுவினால் பூச்சு கீறுப்படும். அரிக்கன் சட்டியில் கல் அரித்து, வேறொரு பாத்திரத்தில் கழுவிய பின்னரே பானையில் இடுங்கள். இந்த ஒரு பழக்கம் பானையின் ஆயுளைப் பெரிதும் கூட்டும்.

அழுத்தக் குக்கரின் மூடியிலுள்ள றப்பர் வளையம் தேய்ந்துபோகும் பொருள். காலப்போக்கில் அதை மாற்றத்தான் வேண்டும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ விற்கும் கடைக்காரரிடம் அந்த வளையமும் தனிப் பானையும் கிடைக்குமா என்று கேளுங்கள். கொழும்பிலிருந்தே எடுப்பிக்க வேண்டுமெனில், குக்கரோடு சேர்த்து ஒரு வளையத்தையும் வாங்கி வைத்துவிடுங்கள். தூண்டல் வெப்பக் குக்கரில் வேறு பானை எதுவும் இயங்காது. பானை பழுதடைந்தால் அதே வகைப் பானைதான் வேண்டும்.

தூண்டல் வெப்பக் குக்கரின் அடியில் காற்றுத் துவாரமும் விசிறியும் இருக்கும். எறும்பும் கரப்பானும் வெப்பத்தை நாடி அதற்குள் புகுவதால், நிலத்தில் வைக்காமல் மேசையில் வைப்பதும், சிந்திய கஞ்சியை உடனே துடைப்பதும் அவசியம்.

படி 5: தண்ணீர் அளவைக் கண்டறிதல்

பானையிலுள்ள தவிட்டரிசிக் கோடு ஜப்பானிய அரிசிக்கானது. நமது அவித்த சிவப்பரிசிக்கு அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அரிசியின் கன அளவில் இரண்டு மடங்கு தண்ணீரில் தொடங்குங்கள். அரிசியைக் கழுவி அரை மணி முதல் ஒரு மணிநேரம் வரை ஊறவைத்து, தவிட்டரிசித் தெரிவில் சமையுங்கள். இதற்கு ஒன்றரை மணிநேரமோ அதற்கு மேலோ செல்லும். அந்த நீண்ட நேரத்துக்காகத்தான் பணம் கொடுத்திருக்கிறோம் என்பதால், அவசரத் தெரிவை அழுத்த வேண்டாம். சோறு விறைப்பாக இருந்தால் மறுமுறை கால் கோப்பை கூட்டுங்கள்; குழைந்தால் அதே அளவு குறையுங்கள். காலபோக அறுவடை முடிந்து வரும் புத்தரிசிக்குத் தண்ணீர் குறைவாகவும், மாதக்கணக்கில் வைத்த பழைய அரிசிக்குக் கூடுதலாகவும் வேண்டும். ஆகவே மூடை மாறும்போது அளவையும் மறுபடி பார்க்க வேண்டும்.

புதுக்குடியிருப்பு வாசகி ஒருவர், ஆவித் துவாரத்தால் கஞ்சி பொங்கி வழிவதாக எழுதியிருந்தார். முதல் காரணம் அரிசி போதியளவு கழுவப்படாமை. இரண்டாவது, தவிட்டரிசியின் உச்ச அளவைத் தாண்டி இடுதல். உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கோடு தொடங்கினால் இத்தொல்லை வராது. வடித்த சோற்றின் உதிரித் தன்மையைக் குக்கரிடம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: கஞ்சி வடிக்காத சோறு சற்று ஒட்டலாகவே வரும். முடிந்தவுடன் அகப்பையால் அடியிலிருந்து கிளறி ஆவியை வெளியேற்றினால் பெரும்பகுதி சரியாகும். கஞ்சித் தெரிவு இருக்குமானால் உளுத்தங்கஞ்சிக்கு அது மிக நன்றாக உதவும்.

நேரம் குறித்துவைக்கும் வசதியை நமது வெப்பத்தில் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். இரவு முழுதும் தண்ணீரில் கிடக்கும் அரிசி சித்திரை, வைகாசி மாதங்களில் புளித்த வாடையோடு வேகும். அக்காலத்தில் ஊறும் நேரத்தைச் சில மணிகளுக்குள் வைத்திருங்கள். சிவப்பரிசிச் சோற்றைச் சூடு காக்கும் நிலையில் நெடுநேரம் விடவும் வேண்டாம். அது காய்ந்து மணம் மாறும். நமது கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையால் உள்மூடியிலும் துவாரத்திலும் வெள்ளைப் படிவு ஏறும். பானையில் தண்ணீரும் சிறிது சிட்ரிக் அமிலமும் இட்டுக் கொதிக்கவைத்தால் அது கழன்றுவிடும்.

வாங்கும்போது, மாற்றித் தருவதற்குக் கடை எத்தனை நாள் அவகாசம் தருகிறது என்று கேட்டுப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குள், விருந்தாளிக்குச் சமைக்கும் சம்பாவை அல்ல, வீட்டின் அன்றாடக் குத்தரிசியை முழு அளவில் ஒரு தடவையும் பாதி அளவில் ஒரு தடவையும் சமைத்துப் பார்த்துவிடுங்கள்.