சும்மா இருந்ததை ஆங்கிலத்தில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பேச்சு ஆங்கிலம் கற்பிக்கிறேன். புதிய வகுப்பு தொடங்கும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு மாணவர் ஒரு பட்டியலோடு வந்துவிடுகிறார்: 'சில்', 'ஹாங் அவுட்', 'லோஃப்', 'ஸ்லாக் ஓஃப்', 'ஸ்கைவ்', 'பொட்டர்'. சோம்பியிருப்பதற்கும் பொழுதைப் போக்குவதற்கும் ஆங்கிலப் பேச்சில் வழங்கும் சொற்கள் அவை. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பொருள் எழுதியிருக்கும்.

பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐ.ஈ.எல்.ரி.எஸ்.-இன் பேச்சுப் பகுதியில் பாண்ட் 7 (உச்சம் 9) பெற, அதிகம் வழங்காத சொற்களும் மரபுத்தொடர்களும் ஓரளவு கைவர வேண்டும். ஆனால் எந்தச் சொல் எந்த இடத்துக்குப் பொருந்தும், எதனோடு சேரும் என்ற உணர்வையும் அந்த அளவுகோல் கேட்கிறது. பட்டியல் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. நாங்கள் படித்த காலத்தில் விழுந்த குழிகளிலேயே இவர்களும் விழுகிறார்கள்.

உச்சரிப்பு, எழுத்துக்கூட்டல் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

தன்னடக்கத்தை அப்படியே ஆங்கிலத்தில் போடுவது

இது ஒன்றைத்தான் இன்னமும் என்னால் பொறுக்க முடியவில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு நீண்ட இடைவெளி ஒன்று வருகிறது. முடிவு வர மாதங்கள் செல்லும். பல்கலைக்கழக அனுமதிக்கு அதன்பிறகும் காத்திருக்க வேண்டும். "இந்தக் காலத்தில் என்ன செய்தாய்?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "வீட்டில் சும்மா இருந்தேன்." எங்கள் ஊரில் இதை யாரும் சோம்பலென்று எடுத்துக்கொள்வதில்லை. சம்பளத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

வலிகாமத்துச் செம்மண் ஊர் ஒன்றிலிருந்து ஒரு மாணவி வந்தாள். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பக் கடிதத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டு, நேர்காணலுக்குப் பயிற்சி வேண்டுமென்று கேட்டாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பரீட்சைக்குப் பிந்திய காலத்தைப் பற்றி ஒரே வசனம்: "ஐ வாஸ் லோஃபிங் அரவுண்ட் அட் ஹோம்." உண்மையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். விடிய எழும்பி, இறைப்பு மெஷினைப் போட்டு, வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் விட்டிருக்கிறாள். வெங்காயம் கிண்டும் நாட்களில் கூலியாட்களின் கணக்கையும் அவளே எழுதியிருக்கிறாள். பின்னேரங்களில் தம்பிக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதைத்தான் 'லோஃபிங்' என்று எழுதியிருந்தாள்! வேலைவெட்டி இல்லாமல் ஊர்சுற்றித் திரிபவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது.

நேர்காணலில் கேட்ட கேள்விகளில் பாதி அந்த வசனத்தைச் சுற்றியே இருந்தன. அந்தத் தவணைக்கு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. காரணத்தை அவர்கள் எழுதித் தரவில்லை. எனக்குச் சந்தேகமும் இல்லை. அவள் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "ஐ ஹெல்ப்ட் ரன் அவர் ஃபமிலி ஃபார்ம் வைல் வெயிட்டிங் ஃபோர் மை ரிசல்ட்ஸ்." ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவளுக்குப் பிறகும் இதே வசனத்தை வேறு வேறு கையெழுத்துகளில் திருத்திக்கொண்டிருக்கிறேன். கடை பார்த்த பையன், படுக்கையில் கிடந்த அம்மம்மாவைப் பராமரித்த பிள்ளை, எல்லோரும் 'சும்மா இருந்தவர்கள்'. ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன் அந்த நாட்களில் கை என்ன செய்தது என்று தமிழில் எழுதிப் பாருங்கள். கை வேலை செய்திருந்தால் அந்த வேலையின் பெயரையே எழுதுங்கள்.

ஓய்வையும் வேலைக்கள்ளத்தையும் குழப்புவது

'சில்', 'லேஸ்', 'லவுஞ்ச்' ஆகியவை ஓய்வு. கடமை எதுவும் காத்திருக்க வேண்டியதில்லை. 'ஸ்கைவ்', 'ஸ்லாக் ஓஃப்', 'கூஃப் ஓஃப்' ஆகியவற்றில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆள் அதைச் செய்யாமல் விடுகிறார். 'ஸ்கைவ்' என்றால் வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் ஒளிப்பது, அல்லது நேரத்தோடு நழுவுவது. வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு என்கிறோமே, அந்தக் குணம். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்ட வேலைகொள்வோரிடம் "ஐ ஸ்லாக் ஓஃப்" என்று புன்னகையோடு சொல்கிறவர், தன்னைப் பற்றித் தானே முறைப்பாடு கொடுக்கிறார்.

'லொயிட்டர்'

பொது இடத்தில் காரணமின்றி நிற்பதைச் சந்தேகத்தோடு குறிக்கும் சொல். அறிவிப்புப் பலகையில் தடைசெய்யப்படும் செயல் அது. நண்பனுக்காக பஸ் நிலையத்தில் காத்திருந்தால் 'வெயிட்டிங்' என்று சொல்லுங்கள்.

'நெட்ஃபிளிக்ஸ் அண்ட் சில்'

படம் பார்ப்பதற்கான அழைப்பு அல்ல, படுக்கைக்கான மறைமுக அழைப்பு. யாரிடமும் சொல்லாதீர்கள்.

நாடு பார்க்காமல் சொல் எடுப்பது

'ஸ்கைவ்' பிரித்தானியச் சொல். ரொறன்ரோவில் பலருக்கு விளங்காது. 'கூஃப் ஓஃப்' அமெரிக்கச் சொல். வேலையைத் தட்டிக்கழிப்பதைக் குறிக்கும் 'பிளட்ஜ்' அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் உரியது. அதனோடு சேர்ந்த 'பிளட்ஜர்' பிறர் உழைப்பில் வாழ்பவரைச் சுடும் வசை. அரச உதவிப் பணத்தில் இருப்பவர்களை இழிவுபடுத்தவும் அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். மெல்பேணில் இருக்கும் மச்சானுக்கு வேடிக்கையாக எழுதுகிறோம் என்று நினைத்து இதை எழுதிவிடாதீர்கள்.

கட்டுரையில் எழுதுவது

வேண்டாம். இவை பேச்சுக்கு உரியவை.

நல்ல சொல்லை விட்டுவிடுவது

பட்டியலில் ஆகக் குறைவாக எடுத்தாளப்படுவது 'பொட்டர்'. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அவசரமில்லாமல் சின்னச் சின்ன வேலைகளைச் செய்துகொண்டு ஆறுதலாக நேரத்தைக் கழிப்பது என்று பொருள். ஓய்வுபெற்ற அப்பா பின்னேரம் வளவுக்குள் இறங்குகிறார்; விழுந்த காவோலையை இழுத்து வேலியோரம் போடுகிறார், மல்லிகைக் கொடியைத் திருப்பிக் கட்டுகிறார், வாழையின் காய்ந்த இலையை அறுக்கிறார். "ஹீ பொட்டர்ஸ் அபவுட் இன் த கார்டன்." பேச்சுத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்லலாம். வட அமெரிக்காவில் இதையே 'பட்டர்' என்பார்கள்.