பழைய பறவைப் படமா? லென்ஸ் வைத்துப் பாருங்கள்

பழைய நூலிலிருந்து வந்த பறவைப் படம் என்று யாராவது விற்றால், பணம் கொடுக்கும் முன் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அதன்மேல் வைத்துப் பாருங்கள். நிறங்கள் சீரான வரிசையில் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு, அதாவது இயந்திரத்தில் அச்சிட்ட நகல். ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்டின் 19-ஆம் நூற்றாண்டு நூல்களில் கோடுகளைக் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்செடுக்கும் முறை) அச்சிட்டு, நிறத்தைக் கையால் தீட்டினார்கள். அதனால் நிறம் தண்ணீர்போல் பரவி, சில இடங்களில் கோட்டைத் தாண்டியும் நிற்கும்; அழகே அதுதான்.

ஆனால் நிறத்தையும் கல்லிலிருந்தே அச்சிட்ட அந்தக் கால வண்ணக் கல்லச்சுப் படங்களிலும் புள்ளிகள் உண்டு. அவை ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும், அவசரப்பட்டுப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். அப்புறம், பழைய கறுப்பு வெள்ளைத் தாளில் அண்மையில் நிறம் தீட்டியிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.