ஈபிவி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான (சுருக்கமாக ஈபிவி) ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: விசிஏ ஐஜிஎம், விசிஏ ஐஜிஜி, ஈபிஎன்ஏ ஐஜிஜி. மூன்றும் அந்த வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். முதலாவது நெகட்டிவ், மற்ற இரண்டும் பாசிட்டிவ் என்றால், வைரஸ் எப்போதோ உங்கள் உடம்புக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்திருக்கிறது. ஐஜிஎம் பாசிட்டிவ், ஈபிஎன்ஏ நெகட்டிவ் என்றால் தொற்று பெரும்பாலும் புதியது. காய்ச்சலும் தொண்டை வலியும் கழுத்தில் நெறி கட்டுவதும் அதனால் இருக்கலாம்.

பயாப்சி லேபில் ஸ்லைடு போடுகிறவள் நான். இந்தத் தாளோடு வந்து "கேன்சரா?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. சின்னம்மை, அக்கி தரும் வைரஸும் ஹெர்பிஸ் குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக உறுதியானவை இரண்டு: ஈபிவி, அப்புறம் கபோசி சார்கோமா என்ற புற்றுநோயைத் தரும் வைரஸ்.

ஈபிவி நம் பி செல்களுக்குள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கும். அதன் எல்எம்பி1 புரதம் "வளர், பெருகு" என்று செல்லுக்கு ஓயாமல் பொய்க் கட்டளை கொடுக்கும். அப்படிப் பெருகும் செல்களை டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் அழித்துவிடும். எச்ஐவியாலோ உறுப்பு மாற்று மருந்துகளாலோ அந்தக் காவல் தளர்ந்தால் ஆபத்து. வேறு வழியும் உண்டு. உகாண்டாவில் அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் கண்ட, குழந்தைகளின் தாடையில் வரும் கட்டியில், மலேரியா பி செல்களை மேலும் பெருக வைக்கிறது. அந்தப் பெருக்கத்தில் 8ஆம் குரோமோசோமில் இருக்கும், செல்லைப் பெருக வைக்கும் மிக் மரபணு பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டியின் செல்களில்தான் 1964இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் இந்த வைரஸைக் கண்டார்கள். தென் சீனாவில் மூக்கின் பின்புறம் வரும் புற்றுநோயில் வைரஸோடு உப்புக் கருவாடும் பரம்பரையும் சேர்கின்றன.

கட்டிக்கும் வைரஸுக்கும் தொடர்பு உண்டா என்பதைத் திசுவில்தான் பார்க்க வேண்டும். 'ஈபெர்' சாயம் போட்டால் வைரஸ் இருக்கும் செல்லின் உட்கரு மட்டும் கருநீலமாகும். பழைய தொற்று என்றால் அங்கொன்று இங்கொன்று. வைரஸ் சார்ந்த லிம்போமாவில் (வெள்ளை அணுக்களில் வரும் ஒரு புற்றுநோய்) புற்றுச் செல்கள் கூட்டமாக நீலமாக நிற்கும்.

சரி, எப்போது டாக்டரிடம் போவது? வலியில்லாத கழுத்துக் கட்டி மூன்று வாரம் தாண்டினாலோ, ஒரு பக்கக் காது மட்டும் அடைத்தபடியே இருந்தாலோ, மூக்குச் சளியில் ரத்தம் வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள். உறுப்பு மாற்று செய்தவர்கள் ஈபிவி டிஎன்ஏ அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம்.

பயாப்சி முடிந்து வேறு டாக்டரைப் பார்க்கப் போனால், ரிப்போர்ட்டோடு, எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் திசு மிச்சமிருந்தால் ஈபெர் சோதனைக்காக மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்காது.