ராமானுஜன் பட்டியலோட கடைசி நம்பர்: பேனா பேப்பர் போதும், பிரிச்சுப் பாக்கலாம் வாங்க

6746328388800. வாயால சொன்னா ஆறே முக்கால் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் கம்மி. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவுல வளர்ந்த நம்ம ராமானுஜன் 1915ல லண்டன் மேத்தமேட்டிக்கல் சொசைட்டி இதழ்ல எழுதின பேப்பர்ல ஒரு பட்டியல் இருக்கு, அதுல கடைசியா நிக்கிற நம்பர் இது. தனக்குக் கீழ இருக்குற எந்த எண்ணை விடவும் அதிகமா காரணிகள் இருக்கணும், அப்பதான் அந்தப் பட்டியல்ல இடம்.

சின்னதா ஒண்ணு பாத்துக்குவோம். டெல்டா பக்கம் நெல்லு அளக்குறப்ப கலத்துக்கு 12 மரக்கால்ல, அந்த 12க்கு 1, 2, 3, 4, 6, 12ன்னு ஆறு காரணி. 12க்குக் கீழ எதுக்கும் ஆறு கிடையாது. பாதி, மூணுல ஒண்ணு, கால்னு எப்படிப் பங்கு போட்டாலும் மரக்கால் உடையாம வரும். 12ம் அந்தப் பட்டியல்ல இருக்கு.

முதல்ல பகா எண்களா உடைக்கணும். கடைசியில ரெண்டு சைபர் இருக்கா, 100ஐ எடுத்துடுங்க (அதுல ரெண்டு 2, ரெண்டு 5 போயிடுது), மிச்சம் 67463283888. இதை நாலு தடவை பாதியாக்குங்க, 4216455243ன்னு ஒத்தைப்படை வந்து நிக்கும், ஆக மொத்தம் ஆறு 2 ஆச்சு. இப்ப இலக்கங்களைக் கூட்டுங்க, 36 வருது, அப்ப 9ஆல வகுபடும்: 468495027. திரும்பக் கூட்டினா 45, திரும்ப 9ஆல வகுத்தா 52055003. இதுல கூட்டுத்தொகை 20, அதனால 3 அத்தோட முடிஞ்சுது, நாலு 3. அப்புறம் 7ஆல ரெண்டு தடவை வகுத்தா 1062347. இந்த இடத்துல அவசரப்படாதீங்க, 11, 13, 17ன்னு வரிசையா ஒவ்வொண்ணா வகுத்துட்டே வந்தா 437ல வந்து நிக்கும், அது 19 × 23. முடிஞ்சுது.

அடுத்தது காரணி எண்ணுறது, இது ரொம்ப ஈஸி. ஒரு காரணி அமைக்கணும்னா 2ஐ ஒண்ணுகூட எடுக்காம விடலாம், இல்ல ஆறு வரைக்கும் எடுக்கலாம், அப்ப 7 வழி. 3க்கு 5 வழி. 5க்கும் 7க்கும் மும்மூணு வழி. 11, 13, 17, 19, 23 அஞ்சுக்கும் ரெவ்வெண்டு. எல்லாத்தையும் பெருக்குங்க: 7 × 5 × 3 × 3 × 32 = 10080. பத்தாயிரத்து எண்பது காரணி! 1ல இருந்து 28 வரைக்கும் எந்த எண்ணாலயும் மீதி இல்லாம வகுபடும், 29ல தான் முதல் தடவையா மாட்டும்.

இப்ப ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை தடவை வந்துச்சுங்கிற எண்ணிக்கையை வரிசையா பாருங்க: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கயும் ஏறவே இல்ல, நடுவுல எந்தப் பகா எண்ணும் விட்டும் போகல. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். ஏன் ஏறாதுன்னா, 18ஐ எடுத்துக்குங்க, அதுல ஒரு 2, ரெண்டு 3, காரணி ஆறு. எண்ணிக்கையை இடம் மாத்திப் போட்டா ரெண்டு 2, ஒரு 3, அதாவது 12, அதுக்கும் அதே ஆறு காரணிதான், ஆனா எண் சின்னதாயிடுச்சு, அப்ப 18க்குப் பட்டியல்ல இடமே இல்ல. கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4ம் 36ம் மட்டும்தான் விதிவிலக்குன்னும் அந்தப் பேப்பர்லயே நிரூபிச்சிருக்காரு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல நூத்துக்கும் மேல எண்களை இப்படி எழுதி வச்சிருக்காருன்னு நினைச்சா இன்னும் மலைப்பாதான் இருக்கு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் அந்தப் பட்டியல்ல விட்டுப்போச்சு, 293318625600. அது எங்கயும் தூரத்துல இல்ல, நாம பிரிச்ச நம்பர்ல இருந்து 23ஐ மட்டும் எடுத்துட்டா அதுதான் கிடைக்கும். அதுக்கு எத்தனை காரணின்னு மேல சொன்ன மாதிரியே நீங்க போட்டுப் பாருங்க, 5040 வரணும்.